மஞ்சப்பையில் 43 பில்: அசைன்மென்ட்டுக்குப் பதிலாக வேலையைக் கொடுத்துப் பார்த்தேன்

மஞ்சப்பை_வாத்தியார்
நவம்பர் 8, இரவு 9.40

கலைக் கல்லூரி ஒன்றில் பி.காம். மூன்றாம் ஆண்டுக்கு ஜிஎஸ்டி தாள் எடுக்கிறேன். 62 பேர். இன்டர்னல் 25-இல் அசைன்மென்ட்டுக்கு 5. அந்த 5 மார்க்கின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ‘இன்புட் கிரெடிட்டின் நிபந்தனைகளை விளக்குக’ என்று ஒரு தலைப்பு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட் கிரெடிட்), நாலு பக்கம், ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர், ஒரே எழுத்துப்பிழை நாற்பது தாளில். முன்பு பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினார்கள். இப்போது எல்லோரும் சாட்ஜிபிடியைப் பார்த்து எழுதுகிறார்கள். எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த செமஸ்டர் தலைப்பே கொடுக்கவில்லை. தெரிந்த ஹார்டுவேர் கடையிலிருந்து செப்டம்பர் மாதத்துப் பில்களைக் கேட்டு வாங்கினேன். பெயர், ஜிஎஸ்டி எண், போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றினேன். நானாகவும் கொஞ்சம் சேர்த்தேன். மொத்தம் 43 பில், ஒரு மஞ்சப்பை, இரண்டு பேருக்கு ஒரு பை. 31 செட் ஜெராக்ஸ், 1,333 பக்கம், என் காசு.

போர்டில் எழுதியது இவ்வளவுதான்: ‘இந்தக் கடை செப்டம்பர் மாதத்துக்கு எவ்வளவு வரி கட்ட வேண்டும்? முதலாளிக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு.’ இரண்டு நாள், நாளுக்கு இரண்டு பீரியட், வகுப்பிலேயே. புத்தகம், போன் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். நான் வாத்தியார் இல்லை, கடை ஓனர்; எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஓனர் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படித்தான் சொல்வேன் என்று மட்டும் அறிவித்தேன்.

பைக்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் மீதி புரியும். ஓனர் வீட்டுக்கு வாங்கின மிக்சி, கடை பெயரில் பில். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் பில்லில் வரியே போடாத சிறு வியாபாரியின் பில் ஒன்று. 29 என்று, அதாவது கர்நாடகக் குறியீட்டில், தொடங்கும் எண் உள்ள பெங்களூர் சப்ளையர், ஆனால் வெளிமாநில விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனை மாதிரி மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு ஒன்பதாகப் பிரித்திருக்கிறார். இன்னொரு சப்ளையரின் பில் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கூடவே வைத்த 2பி பிரிண்டில் (சப்ளையர்கள் தங்கள் ரிட்டனில் ஏற்றிய பில்களின் பட்டியல்) அவர் பெயரே கிடையாது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட் வரி 28-இலிருந்து 18-க்கு இறங்கியது நினைவிருக்கும். 18-ஆம் தேதி வாங்கிய மூட்டைகளை 25-ஆம் தேதி விற்ற பில்லில் வரி போடும் இடத்தைக் காலியாக விட்டேன். கடைசியாக, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பு அச்சடித்த துண்டுச்சீட்டு மூன்று. ஹார்டுவேர் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பீரியட் முழுக்க மயான அமைதி. எல்லோரும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்துக் கணக்கு அப்படித்தானே, கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தினால் விடை வந்துவிடும். இரண்டாம் பீரியடில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார்... இல்ல, ஓனர்... இந்த மிக்சி யாருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. "அது வீட்டுக்குப்பா, அதையும் சேர்த்துப் போடு" என்றேன். அதன்பிறகுதான் பைகளைக் கொட்டிப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு பில் தெர்மல் பேப்பர். ஜெராக்ஸில் வெறும் வெள்ளைத் தாளாக வந்திருந்தது. மூன்று ஜோடி அதைத் தவறி வந்த தாள் என்று கசக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் வந்து, "ஒரிஜினல் இருக்கா?" என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து எண்ணைப் படித்துவிட்டாள். அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பரீட்சையில் 40, 45 வாங்குகிற பெண்.

எஸ்டிமேட் சீட்டுகளைப் பெரும்பாலோர் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டார்கள். ஒரு ஜோடி மட்டும், ‘இந்த மூன்றும் விற்பனைதான். இவற்றைச் சேர்க்காமல் நாங்கள் கணக்குக் கொடுக்க முடியாது’ என்று முதலாளிக்கு எழுதியிருந்தார்கள். இதற்கு எத்தனை மார்க்? மார்க் போட நான் வைத்திருந்த அளவுகோல் அட்டவணையில், அதாவது ரூப்ரிக்கில், அப்படி ஒரு கட்டமே இல்லை.

திருத்தி முடிக்க ஒன்பது நாள் ஆனது. வேலை பிடித்திருக்கிறது, மார்க் போடுவதுதான் புரியவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


பார்ட்_பி
நவம்பர் 8, இரவு 10.25

முதலில் கையைக் கொடுங்கள். மஞ்சப்பை ஐடியாவை நான் திருடப் போகிறேன்.

நான் சிவில். எங்கள் பல்கலைக்கழகத் தாள் 10 இரண்டு மார்க், 5 பதிமூன்று மார்க், கடைசியில் ஒரு பதினைந்து மார்க். அந்தப் பதினைந்துதான் யோசித்து எழுதும் கேள்வி என்று கொண்டுவந்தார்கள். அதற்கும் கைடு வந்துவிட்டது. 2018-இல் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ, தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை என்று ஒன்று வெளியிட்டது. மனப்பாடத்தைக் குறைத்து உயர்நிலைச் சிந்தனையைச் சோதிக்கச் சொன்னது. நாங்கள் என்ன செய்தோம்? அதே கேள்விக்குப் பக்கத்தில் கே4, கே5 என்று சிந்தனை நிலைக் குறியீடு போட ஆரம்பித்தோம்.

போன வருடம் கம்பி கணக்கில் ஒரு சோதனை செய்தேன். 4.2 மீட்டர் நீளத்தில் 50 துண்டு வேண்டும், எத்தனை கம்பி வாங்குவாய்? கம்பி 12 மீட்டர் என்று அவர்களுக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேர் 50-ஐ 4.2-ஆல் பெருக்கி 210, அதை 12-ஆல் வகுத்து 17.5, எனவே 18 கம்பி என்று எழுதினார்கள். கணக்கு சரி. சைட்டில் அவன் மாட்டிக்கொள்வான். ஒரு கம்பியில் இரண்டு துண்டுதான் வரும், எனவே 25. மிச்சமாகிற 3.6 மீட்டர் துண்டுகளை எங்கே போடலாம் என்று ஒரே ஒரு பையன் ஒரு வரி எழுதியிருந்தான். அவன் அப்பா கம்பி கட்டுகிறவர். உங்கள் மளிகைக் கடைப் பெண் மாதிரி.

இன்னொன்று. நம் ஊரில் இதற்கெல்லாம் மூத்த உதாரணம் ஆர்டிஓ ஆபீஸ் எட்டு. நிஜ வண்டி, நிஜ ஆள், எதிரே நிற்கிற இன்ஸ்பெக்டரும் நிஜம். ஆனால் எந்த ரோட்டில் ஐயா எட்டு போடுகிறோம்? எட்டு போடும்போது காலை ஊன்றினால் பெயில். ரோட்டில் காலை ஊன்றத் தெரியாதவன்தான் விழுவான். சாமான் நிஜமாக இருந்தால் போதும், தேர்வும் நிஜமாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.


கோப்பு_எண்
நவம்பர் 9, காலை 7.10

நல்ல முயற்சி. ஆனால் கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வந்து கேட்டால் காட்ட என்ன இருக்கிறது? சிஓ (தாளின் கற்றல் விளைவு), பிஓ (படிப்பின் கற்றல் விளைவு) மேப்பிங் எங்கே? 62 பேருக்கும் ஒரே கேள்வி என்பதற்கு ஆதாரம் எங்கே? நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து, "என் பெண்ணுக்கு ஏன் 3, பக்கத்து ஜோடிக்கு ஏன் 5?" என்று கேட்டால், ‘அவர்கள் ஜன்னல் பக்கம் பேப்பரைச் சாய்த்துப் பார்த்தார்கள்’ என்பீர்களா?


பார்ட்_பி
நவம்பர் 9, காலை 7.32

ஆமாம், அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரிஜினல் பில்லைக் கேட்டுச் சரிபார்த்தார் என்பதைவிடப் பெரிய சிஓ ஒரு கணக்காளருக்கு வேறென்ன?


இன்டர்னல்_இருபத்தஞ்சு
நவம்பர் 9, காலை 11.05

நான் ஸ்டூடண்ட். இங்க எழுதலாமான்னு தெரியல, எழுதிடறேன்.

சார், நீங்க வகுப்புலயே வச்சது ரொம்பப் பெரிய விஷயம். எங்க காலேஜ்ல போன செமஸ்டர் ‘ரியல் வேர்ல்டு ப்ராஜெக்ட்’னு சொல்லி, பத்து கடைக்குப் போய் சர்வே எடுத்துட்டு வா, போட்டோ ஒட்டுன்னாங்க. நான் சாயங்காலம் 6-லேர்ந்து 10 வரைக்கும் துணிக்கடையில நிக்கறேன். ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது. பஸ் காசு, கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் சேர்த்து 400 ரூபாய் ஆச்சு. கடைசியில நானே உக்காந்து பத்து பேரோட பதிலையும் எழுதினேன். வேலை நேரத்துல எங்க ஓனர்கிட்ட போய் "திருப்தி அளவு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க"ன்னு கேட்டா என்னைத்தான் அனுப்பிச்சிடுவாரு. அந்த ப்ராஜெக்டுக்கு 5-க்கு 5 வந்துச்சு.

சாட்ஜிபிடி பத்தி சொல்றேன். எல்லாரும் பில்லை போட்டோ எடுத்துப் போட்டுத்தான் பார்த்திருப்பாங்க, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனா கையெழுத்துப் பில்லுல அது 3-ஐ 8-ன்னு படிக்கும். எங்க கடையிலயே பார்த்திருக்கேன்.


மஞ்சப்பை_வாத்தியார்
நவம்பர் 9, பகல் 1.15

தம்பி, நீங்கதான் முதல்ல எழுதியிருக்கணும்.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. 3,186 ரூபாய்க் கையெழுத்துப் பில்லை போன் 8,186 என்று படித்துவிட்டது. நாலு ஜோடி அப்படியே எழுதிவிட்டார்கள். ஒரு ஜோடிக்குச் சந்தேகம் வந்து, 2,700-உம் இரண்டு 243-உம் கூட்டினால் 3,186 தானே என்று போட்டுப் பார்த்துப் பிடித்தார்கள். அதனால் போனைத் தடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. போன் சொன்னதைச் சரிபார்த்தாயா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கோப்பு சார், அந்தப் பெற்றோர் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இல்லை, உண்மை. அதற்காகத்தான் இந்த இழையே.


செம்மண்_காடு
நவம்பர் 9, மாலை 6.50

ஏனுங்க, நிஜ இடத்துக்கே கூட்டிட்டுப் போற படிப்பு ஒண்ணு இருக்குதே, அதைப் பத்தி யாருமே பேசலையே. வேளாண்மைப் படிப்புல கடைசி வருசம் ராவே. பசங்க கிராமத்துலயே தங்கி, விவசாயிகளோட காட்டுக்குப் போய், ஊர் மக்களை உக்கார வெச்சு ஊரோட வள வரைபடம் போடணும். கோலமாவு, செங்கப்பொடி, வேப்பந்தழை எல்லாம் வெச்சு மண்ணுல போடறதுங்க. பார்க்கறதுக்கே திருவிழா மாதிரி இருக்கும்.

நான் போன ஒரு ஊருல பசங்க படத்தை முடிச்சுட்டு போட்டோவுக்கு நின்னாங்க. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்து, குச்சியால ஓடையை அழிச்சார். "ஓடை கோயிலுக்குக் கெழக்காலயா போகுது? மேக்கால"ன்னு சொல்லிட்டு அவரே இழுத்தார். ஓடை மாறினதும் நாலு கிணறு எடம் மாறுச்சு, ஏன் ஒரு பக்கம் மட்டும் வாழை வெக்கறாங்கங்கறதும் தெரிஞ்சுது. அரை மணி நேரம் அந்தப் பசங்க கத்துக்கிட்டது மூணு வருசத்துல கத்துக்கலை.

ஆனா மார்க் எதுக்குப் போட்டோம்னு நினைக்கறீங்க? ரெக்கார்ட் நோட்டுக்கு. ரெக்கார்ட்ல இருக்கற படத்துல ஓடை கெழக்காலயே இருந்துது. போன வருச சீனியர் நோட்டைப் பார்த்து முன்னாடியே வரைஞ்சு வெச்சுட்டாங்க. ஊரு நெஜம், பெரியவர் நெஜம், மார்க் மட்டும் பொய்.

அதுக்கப்புறம் நான் ஒரே ஒரு பக்கம் கூடக் கேக்கறேன். ‘ஊர்க்காரங்க உங்க படத்துல எதை மாத்தினாங்க, ஏன்?’ மாத்தலைன்னு எழுதினா மார்க் கெடையாதுங்க. ஒருத்தரும் மாத்தாத படம் இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.


பார்ட்_பி
நவம்பர் 9, இரவு 8.02

"ஒருத்தரும் மாத்தாத படம்"... இதைப் பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூமில் ஒட்டப் போகிறேன்.


ஸ்டெத்_மணி
நவம்பர் 10, காலை 6.20

மருத்துவக் கல்லூரிப் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. நிஜம் நிஜம் என்று எல்லோரும் ஓடுகிறீர்கள். நாங்கள் அங்கிருந்துதான் திரும்பி வந்தோம்.

பழைய கிளினிக்கல் தேர்வு முழுக்க நிஜம். நிஜ வார்டு, நிஜ நோயாளி. ஒருவனுக்கு எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்லும் நோயாளி கிடைப்பார், அடுத்தவனுக்கு வாயே திறக்காதவர். ஒரு எக்ஸாமினர் அன்று நல்ல மூடில் இருப்பார். நிஜம்தான், நியாயம் கிடையாது. அதனால்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவரோடு இருந்தவர்களும் 1975-இல் ஓஸ்கி முறையை வெளியிட்டார்கள். வரிசையாக ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்தது. எல்லோருக்கும் அதே கேள்வி, அதே செக்லிஸ்ட், நடிக்கப் பயிற்சி கொடுத்த நோயாளி.

அதற்கும் ஒரு விலை உண்டு. செக்லிஸ்டில் ‘கை கழுவினார்’ என்று ஒரு வரி இருக்கும். மாணவன் உள்ளே வந்ததும் தண்ணீரே இல்லாத இடத்தில் இரண்டு கையையும் காற்றில் தேய்த்து, "கை கழுவுகிறேன் சார்" என்பான். நானும் டிக் அடிப்பேன். அதே பையன் மறுநாள் வார்டில் கழுவுகிறானா என்று யார் பார்த்தார்கள்?

2019 சேர்க்கையிலிருந்து எங்கள் பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாறி, லாக்புக் கட்டாயமாகிவிட்டது. வார்டில் செய்ததை வார்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களைப் பற்றி இங்கே எழுதினால் என் வேலை போய்விடும்.

மஞ்சப்பை சாருக்கு: உங்கள் பையை நான் ஓஸ்கி வகையில்தான் சேர்ப்பேன். நிஜக் கடையல்ல, நீங்கள் கட்டிய கடை. 31 பையிலும் அதே 43 பில். அதுதான் உங்கள் பலம். பெற்றோர் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.


வடமராட்சியான்
நவம்பர் 10, இரவு 9.15

வணக்கம். நான் இலங்கையில் முகாமைத்துவம் படிப்பிக்கிறன். இங்க வற் வரி 2024 ஜனவரியில இருந்து 18 வீதம். உங்கட பையைக் கொஞ்சம் மாத்தினால் எங்கட பிள்ளையளுக்கும் குடுக்கலாம் எண்டு வாசிக்கேக்கையே யோசிச்சன்.

எங்கட பக்கம் விடைத்தாளை இரண்டாவது பரீட்சகரும் பார்க்கவேணும். அவர் உங்கட வகுப்பில இருந்தவர் இல்லை. அந்தப் பிள்ளை யன்னலடிக்குப் போனதையும் அவர் காணேல்லை. அவரின்ர கையில இருக்கிறது தாள் மட்டும்தான். ஆகவே நான் செய்யிறது இதுதான்: விடையோட சேர்த்து ஒரு தனித்தாளில ‘எந்தப் பில்லைச் சேர்க்கேல்லை, ஏன், ஆரிட்டை என்ன கேட்டனீங்கள், என்ன மறுமொழி வந்தது’ எண்டு அவையளே எழுதவேணும். அதுக்குத்தான் கூடப் புள்ளி. விடை பிழைச்சாலும் காரணம் சரியெண்டால் புள்ளி உண்டு. முதல் முறை நானும் சக விரிவுரையாளரும் பத்துத் தாளைத் தனித்தனியத் திருத்தி, எங்கை வித்தியாசம் வருது எண்டு பார்த்துத்தான் அளவுகோலை எழுதினனாங்கள். ரூப்ரிக்கை எழுதிப்போட்டுத் தாளைத் தேடாமல், தாளைப் பார்த்து ரூப்ரிக்கை எழுதினால் அந்த எஸ்டிமேட் கட்டம் தானாக வந்திருக்கும்.


கோப்பு_எண்
நவம்பர் 10, இரவு 9.48

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தத் தனித்தாள் இருந்தால் ஆவணமும் ஆச்சு. நெதர்லாந்தில் குலிக்கர்ஸ் குழுவினர் 2004-இல் இவ்வகைத் தேர்வுக்கு ஐந்து அம்சங்கள் சொன்னார்கள்: செய்யும் வேலை, அது நடக்கும் இடம், கூட இருப்பவர்கள், கையில் கொடுக்கும் பொருள், அளவுகோல். மஞ்சப்பையில் முதல் நாலும் ஓரளவு இருக்கிறது. ஐந்தாவதுதான் இல்லை. (ஆமாம், நானும் படிப்பேன்.)


ஐஜிஎஸ்டி_அக்கா
நவம்பர் 11, இரவு 11.30

இத்தனை வாத்தியார்கள் நடுவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்காரி பேசலாமா? 14 வருடமாக மஞ்சப்பை பிரிப்பதுதான் என் பிழைப்பு. மாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டன், 20-ஆம் தேதி இன்னொன்று, நடுவில் 14-ஆம் தேதி 2பி. கட்டைப்பை, கேரி பேக், ஒருமுறை சாப்பாட்டு கேரியரில்கூட பில் வந்திருக்கிறது.

சார் வைத்த கண்ணிகள் எல்லாம் அசல். ஆனால் வேலையின் பாதியை விட்டுவிட்டீர்கள். 2பி-யில் இல்லாத சப்ளையர் பில்லுக்கு இன்புட் எடுக்கக் கூடாது என்று எழுதியதோடு மாணவர் வேலை முடிந்துவிடுகிறது. என் ஆபீஸில் அங்கேதான் வேலை ஆரம்பம். அந்த சப்ளையருக்குப் போன் போட்டு, சண்டை போடாமல், பில்லை ரிட்டனில் ஏற்ற வைக்க வேண்டும். புதிதாக வருகிற பி.காம். பிள்ளைகளுக்கு செக்‌ஷன் நம்பர் தெரிகிறது. "அண்ணே, போன மாசப் பில்லு ரெண்டு ஏறலை, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வாட்ஸ்அப் எழுதத் தெரியவில்லை. அதையும் எழுதச் சொல்லுங்கள். தமிழில்.

இன்னொரு சந்தேகம். உங்கள் விற்பனைப் பில்களில் மண்வெட்டி இருக்கிறதா? ஹார்டுவேர் கடை என்றால் இருக்குமே. ஆடிட்டர் பீஸ், இன்டர்நெட் மாதிரி பொதுச் செலவுப் பில்லும் பையில் இருந்ததா? இருந்தால், உங்கள் விடைக் குறிப்பில் அந்த இன்புட்டை முழுதாக எடுத்தீர்களா?


மஞ்சப்பை_வாத்தியார்
நவம்பர் 12, காலை 5.50

இருந்தது. முழுதாக எடுத்தேன்.

அக்கா, நேற்று ராத்திரி உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. மண்வெட்டிக்கு வரி கிடையாது. வரி இல்லாத சரக்கும் விற்கிற கடை, பொதுச் செலவின் இன்புட்டை விற்பனை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும், விதி 42. வகுப்பில் நானே நடத்தியது. பையைக் கட்டும்போது மண்வெட்டி பில் கடைக்காரர் கொடுத்த கட்டில் இருந்தது, ஆடிட்டர் பில்லை நான் சேர்த்தேன். இரண்டும் ஒரே பையில் இருப்பதை நான் பார்க்கவே இல்லை.

தொகை என்ன தெரியுமா? பொது இன்புட் 540 ரூபாய். வரியில்லா விற்பனை 4 சதவீதம். குறைக்க வேண்டியது 21 ரூபாய் 60 காசு.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விடியற்காலையில் ரஃப் தாள் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஜோடியின் தாளில் 540 பெருக்கல் 4% என்று போட்டு, 21.60 எழுதி, மேலே குறுக்கே கோடு இழுத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அந்த இரண்டு பேரும் என்னிடம் வந்து, "ஓனர், மண்வெட்டிக்கு வரி இல்லையே, அப்போ ஆடிட்டர் பில் இன்புட்டை முழுசா எடுக்கலாமா?" என்று கேட்டார்கள். நான் ஓனர் தோரணையில், "எடுப்பா, அதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க" என்றேன். கண்ணி வைத்துச் சொன்ன பதில்கூட இல்லை அது. கேள்வியே காதில் சரியாக விழவில்லை. அவர்கள் போய்க் கோடு இழுத்துவிட்டார்கள்.


செம்மண்_காடு
நவம்பர் 12, காலை 8.30

ஓடையை அழிச்சது இந்தத் தடவை நீங்கதாங்க.


ஸ்டெத்_மணி
நவம்பர் 12, பகல் 12.40

இதுதான் இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மிக்சிக்கும் "சேர்த்துப் போடு" என்றுதானே சொன்னீர்கள்? அதை எத்தனை பேர் கேட்டுச் சேர்த்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று பாருங்கள். ஓனர் வேடத்தில் நிற்பது மார்க் போடுகிற ஆள். முதலாளிக்கு "முடியாது" என்று சொல்லத் தெரிகிறதா என்றுதான் சோதிக்கிறீர்கள். ஆனால் எந்த மாணவன் வாத்தியாரிடம் முடியாது என்பான்? எங்கள் ஸ்டேஷனில் நோயாளியாக நடிப்பவர் ஒருவர், மார்க் போடுபவர் வேறொருவர். அதற்குக் காரணம் இருக்கிறது.


மஞ்சப்பை_வாத்தியார்
நவம்பர் 15, இரவு 8.10

மூன்று நாள் வராததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மிக்சி: 31 ஜோடியில் 22 ஜோடி சேர்த்திருக்கிறார்கள். ‘முதலாளி கூறியபடி’ என்று அடைப்புக்குறி வேறு. நான் அதற்கெல்லாம் தெரியாத பிள்ளைகள் என்று மார்க் குறைத்திருந்தேன். தெரியாமல் சேர்த்தவர் யார், எனக்குப் பயந்து சேர்த்தவர் யார் என்று தாளை வைத்து இப்போது பிரிக்க முடியவில்லை. வடமராட்சியார் சொன்ன தனித்தாள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த 21.60 ஜோடியைக் கூப்பிட்டேன். விடைக் குறிப்பில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவன், "எங்களுக்குத் தெரியும் சார். நீங்க சொன்னதாலதான் அடிச்சோம்" என்றான். நான் ‘ஓனர்’ சொன்னதாலா, ‘சார்’ சொன்னதாலா என்று கேட்கவில்லை.

மார்க் ஏற்கெனவே போர்ட்டலில் ஏறிவிட்டது. திறக்கக் கேட்டுத் துறைத் தலைவர் வழியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன். "ஒரு மார்க்குக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அடுத்த செமஸ்டர் இரண்டாம் பை. பில்லைக் குறைத்து 25 ஆக்குகிறேன். 43-இல் பாதி வெறும் கூட்டல்தான். சப்ளையருக்கு வாட்ஸ்அப் ஒன்று, தமிழில். தனித்தாள் கட்டாயம், மார்க்கில் பாதி அதற்கு. பை தயாரானதும் அக்காவுக்கு ஒரு செட் அனுப்புகிறேன், விடைக் குறிப்பைக் கிழித்துப் போடட்டும். ஜோடிக்கு ஐந்து நிமிடம் வாய்மொழியாக, "இந்தப் பில்லை ஏன் விட்டீங்க?" என்று கேட்பேன். 31 ஜோடிக்கு இரண்டரை மணி நேரம். ஒன்பது நாள் திருத்தியதற்கு இது தேவலை.


இன்டர்னல்_இருபத்தஞ்சு
நவம்பர் 15, இரவு 9.02

சார், அப்போ ஓனர் யாரு?


மஞ்சப்பை_வாத்தியார்
நவம்பர் 15, இரவு 9.20

கேன்டீன் அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறேன். முப்பது வருடம் கடை நடத்தியவர். பசங்க யாரும் அவருக்குப் பயப்படுவதில்லை, அக்கவுன்ட் வைத்தவர்களைத் தவிர. "என்ன சொல்லணும்னு எழுதிக் கொடுங்க" என்றார். எழுதித் தர மாட்டேன், உங்கள் கடையாக இருந்தால் என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப எஸ்டிமேட் சீட்டைப் பத்திக் கேட்டா நான் திட்டத்தான் செய்வேன், பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லை என்றேன்.